நான் பாத்தது பல்லை மட்டும்தான்

உக்காருங்க பெரியம்மா. அந்த நாற்காலி வேணாம், ஒரு கால் சரியில்ல. கட்டில்லயே உக்காருங்க. துணியைத் தள்ளி விடுங்க, எல்லாம் பேண்டு செட் யூனிபார்ம். ஜரிகை குத்தும், பாத்து. பொண்ணுக்குப் பெரியம்மான்னா எனக்கும் பெரியம்மாதான். கூப்பிட்டா என்ன, வாய் தேஞ்சா போயிடும்?

இந்தப் பக்கம் வந்தீங்க, அப்படியே எட்டிப் பாத்தீங்க. சரி. திருவொத்தியூர்லேர்ந்து வியாசர்பாடிக்கு, இந்த வெயில்ல, பஸ் மாறி, அப்படியே எட்டிப் பாக்க யாராவது வருவாங்களா பெரியம்மா? விசாரிக்க வந்திருக்கீங்க. வெக்கப்படாதீங்க. ஆனா உங்களுக்கு விசாரிக்கவே தெரியல. நானா இருந்தா மொதல்ல மளிகைக் கடை, அப்பறம் எதிர் வீடு, அப்பறம் சர்ச்சு, எல்லாம் முடிச்சுட்டுக் கடைசியாத்தான் இங்க வருவேன். நீங்க நேரா வந்து மாப்பிள்ளையோட அக்காகிட்டயே உக்காந்துட்டீங்க. இவ என்ன உண்மையச் சொல்லப் போறாளா?

ஆனா சொல்லுவேன். தம்பி அல்போன்சு ஒரு காது குத்துக்கு ஊதப் போயிருக்கான். போகும்போதே சொல்லிட்டுத்தான் போனான். "பெர்னதெத் வீட்லேர்ந்து யாராவது வந்தா எதையும் மறைக்காதக்கா. நீ மறைச்சா நான் சொல்லுவேன். நான் சொன்னா உனக்குப் பிடிக்காது." எப்படி மிரட்டறான் பாத்தீங்களா? நான் என்னிக்கு எதை மறைச்சேன்? மனசுல ஒண்ணு வச்சு வெளியில ஒண்ணு பேசற ஆளா நான்? பிலோமினா எப்படின்னு இந்தத் தெருவுல கேட்டுப் பாருங்க. காபி எடுத்துக்குங்க. சக்கரை கம்மியாத்தான் இருக்கும். அதுக்கும் காரணம் இருக்கு.

எல்லாரும் மாப்பிள்ளைன்னா சம்பளம் சொல்லுவாங்க, நிலம் நீச்சு சொல்லுவாங்க. நான் பல்லைச் சொல்றேன். எங்க அல்போன்சுக்கு ஒரே ஒரு கடைவாய்ப்பல்லுதான் இல்ல. முன்பல்லு ஒண்ணுக்குக் கேப்பு போட்டு மூடியிருக்கு. மத்தது அத்தனையும் சொந்தப் பல்லு. ஏன் சிரிக்கிறீங்க? டிரம்பெட் ஊதறவனுக்கு வேற என்ன சொத்து? அந்தப் பித்தளையை உதட்டுல வச்சு அழுத்தி ஊதணும். உதட்டுக்குப் பின்னால முட்டு குடுக்கறது முன்பல்லு. அது போச்சுன்னா காத்துதான் வரும், பாட்டு வராது.

எங்கம்மா போனப்ப அவன் ஸ்கூல் பையன். நான்தான் பாத்துக்கிட்டேன். ஊதறது அவனுக்கு சர்ச்சுல வந்துச்சு. ஈஸ்டர் பவனியில அவன் ஊதினது கபிரியேல் மாஸ்டர் காதுல விழுந்து, அவரோட மார்னிங் ஸ்டார் பேண்டு செட்டுல சேத்துக்கிட்டார். கல்யாணம், சாவு, கட்சி ஊர்வலம், ஆடி மாசம் அம்மன் கோயில், டிசம்பர்ல கேரல்ஸ், எல்லாத்துக்கும் எங்க பசங்கதான். யூனிபார்ம் தைக்கறது நான். இந்த ஏரியாவுல எவன் தோள்ல ஜரிகை மின்னுதோ, அது நான் தச்சது.

ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி தை மாசம் ஒரு சீசன் வந்துச்சு பாருங்க. அப்படி ஒரு சீசனைப் பாத்ததே இல்லன்னு மாஸ்டரே சொன்னார். காலையில ஒரு கல்யாணம், சாயங்காலம் ஒரு ஊர்வலம், நடுவுல ஒரு சாவு. பசங்களுக்கு உதடு வீங்கிப் போச்சு, கால் வீங்கிப் போச்சு. அப்பதான் பேண்டுல எவனோ ஒருத்தன் இவன் கையில ஒண்ணைக் குடுத்திருக்கான். இதை எடுத்தா களைப்பே தெரியாதுடான்னு. போதை மருந்து. ஐஸ்னு சொல்லுவாங்களாம், மெத்துன்னும் சொல்லுவாங்களாம். எனக்கு அந்தப் பேரே வாய்ல வராது. நான் 'அது'ன்னுதான் சொல்லுவேன்.

ஐயோ, கப்பைக் கீழ வைக்காதீங்க பெரியம்மா. முழுசாக் கேளுங்க. பாதியில எழுந்து போனா உங்க வீட்டுக்குப் பாதிக் கதைதான் போகும். மோசமான பாதி.

எங்கிட்ட யாரும் எதையும் மறைக்க முடியாது. இந்தத் தெருவுல யார் வீட்ல இன்னிக்கு என்ன குழம்புன்னு தையல் மெஷின்ல உக்காந்துக்கிட்டே சொல்லிடுவேன். அல்போன்சு விஷயத்துலயும் எல்லாத்தையும் கவனிச்சேன். யூனிபார்ம் பேண்ட்டு இடுப்புல நிக்கலக்கான்னு வந்தான். பிடிச்சுக் குடுத்தேன். மறுபடியும் வந்தான், மறுபடியும் பிடிச்சேன். ஊர்வலத்துல நடந்து நடந்து இளைச்சுட்டான்னு நினைச்சேன். சோத்தைத் தொட மாட்டான், பாட்டில் பாட்டிலாக் கலர் சோடா குடிப்பான். வாய் காயுதுக்காம்பான். வெயில்னு நினைச்சேன். படுக்கவே மாட்டான், அப்பறம் ஒரு நாள் பகல் பூரா அடிச்சுப் போட்ட மாதிரி தூங்குவான். தூக்கத்துல பல்லை நறநறன்னு கடிப்பான், என் மெஷின் சத்தத்தையும் மீறிக் கேக்கும். வயித்துல பூச்சின்னு நினைச்சு, மருந்துக் கடையில சொல்லிப் பூச்சி மாத்திரை வாங்கிக் குடுத்தேன். சமத்தா முழுங்கினான். கண்ணு பளபளங்குது, பேச ஆரம்பிச்சா நிறுத்த மாட்டேங்கறான், தன்னால சிரிக்கிறான். சரி, எவளையோ காதலிக்கிறான்னு முடிவே பண்ணிட்டேன். "பேர் என்னடா?"ன்னு கேட்டேன். "எந்தப் பேருக்கா?"ன்னு திருதிருன்னு முழிச்சான். பாத்தீங்களா, நான் கவனிக்காம விட்டது ஒண்ணுமே இல்ல.

ஒரு நாள் யூனிபார்மைத் தோய்க்க எடுத்தேன். உள் பாக்கெட்ல சின்ன பிளாஸ்டிக் கவர். உள்ள கண்ணாடி மாதிரி வெள்ளையாக் கல்லு கல்லா இருக்கு. எனக்கு ஒரே சந்தோஷம் பெரியம்மா. ஏன்னா அதுக்கு முந்தின வாரம்தான் ஈறு வலிக்குதுன்னான். படிகாரத் தண்ணியில கொப்புளிடான்னு சொல்லியிருந்தேன். பரவாயில்லையே, அக்கா பேச்சைக் கேட்டுப் படிகாரம் வாங்கி வச்சிருக்கானேன்னு மனசு குளுந்துடுச்சு. அன்னிக்கு லாரித் தண்ணி வேற செம்மண் கலர்ல வந்திருந்துச்சு. படிகாரம்தான் இருக்கே, தண்ணியைத் தெளிய வைப்போம்னு பக்கெட்டுல போட்டுக் கலக்கிட்டேன்.

சிரிங்க, நல்லாச் சிரிங்க. தண்ணி தெளியவே இல்ல. படிகாரம்னா கொஞ்ச நேரத்துல மண்ணு அடியில போய் நிக்கணும். இது உப்பு மாதிரி கரைஞ்சே போச்சு. எந்தக் கடைக்காரனோ ஏமாத்திட்டான்னு எனக்கு எரிச்சல். அவன் உள்ள நுழைஞ்சதும் நுழையாததுமா, "ஏண்டா, நல்ல படிகாரமாப் பாத்து வாங்கத் தெரியாதா உனக்கு? ஒரு பக்கெட் தண்ணி கூடத் தெளியல"ன்னேன்.

அவன் பக்கெட்டைப் பாத்தான். கவரைப் பாத்தான். என்னைப் பாத்தான். அப்படியே வாசப்படியில உக்காந்துட்டான். மொதல்ல சிரிச்சான். சிரிச்சுக்கிட்டே அழ ஆரம்பிச்சுட்டான். "இந்தத் தண்ணியைக் குடிச்சியாக்கா? யாருக்காவது குடுத்தியா?"ன்னு என் ரெண்டு கையையும் பிடிச்சுக்கிட்டுக் கேட்டான். "இல்லடா, என்னடா ஆச்சு?"ன்னேன். பக்கெட்டைத் தூக்கிட்டுப் போய்க் கறிவேப்பிலைச் செடியில ஊத்திட்டு வந்து, எதிர உக்காந்து எல்லாத்தையும் சொன்னான்.

அதுக்கப்பறம் அந்தச் செடியில ஒரு இணுக்கு கிள்ள எனக்குத் தைரியம் வரல பெரியம்மா. எதிர் வீட்டு எலிசபெத் கிள்ளிக்கிட்டுப் போவா. அவளுக்கு ஒண்ணும் ஆகல. நிறைய பேசுவா, அவ்ளோதான். முன்னாடியும் பேசுவாதான்.

அடிச்சேன். அடிக்காம இருப்பேனா? தையல் ஸ்கேலால அடிச்சேன், ஸ்கேல் ஒடிஞ்சுடுச்சு. அழுதேன், மாதா படத்துக்கு முன்னாடி சத்தியம் வாங்கினேன். சத்தியம் பண்ணான், அந்த வாரமே மீறினான். அப்பறம் ஒண்ணு புரிஞ்சுது. 'அதை'ப் பத்திப் பேச்செடுத்தா எழுந்து வெளியில போயிடறான். போனா எப்ப வருவான்னு தெரியாது. அதனால நான் பேச்சையே எடுக்கல. வாயை மூடிக்கிட்டு இருந்தேன். நான் வாயை மூடிக்கிட்டு இருக்கறது எவ்ளோ கஷ்டம்னு நீங்க இந்நேரம் கண்டுபிடிச்சிருப்பீங்க.

அப்பதான் பல்லு குறுக்க வந்துச்சு. பெரம்பூர்ல ஒரு மாப்பிள்ளை அழைப்பு. மேல் ஸ்தாயியில நின்னு ஊதற இடம், சத்தம் ரெண்டாப் பிளந்து போச்சாம். குதிரை மேல உக்காந்திருந்த மாப்பிள்ளையே திரும்பிப் பாத்தானாம். மறுநாள் மாஸ்டர் வீட்டுக்கு வந்துட்டார். "இன்னா பிலோமி, உன் தம்பி டிரம்பெட் ஊதறானா, குக்கர் விசில் வுடறானா?"ன்னார். அல்போன்சு மூலையில நின்னான். "வாயைத் தொறடா"ன்னார். தொறந்தான். கடைவாய்ப்பல்லு கருத்துப் போய்ப் பாதி இல்ல. முன்பல்லுல மயிரிழை மாதிரி ஒரு கீறல். கடிச்சுக் கடிச்சு விட்ட கீறல். "இத்தோட ஊதினா அடுத்த மாசம் ஒடிஞ்சு டிரம்பெட்டுக்குள்ளயே வுழும். அதுக்கு முன்னாடி உன் கையில ஜால்ராவைக் குடுத்துருவேன், பின்னாடி நின்னு தட்டிக்கினு வா"ன்னார்.

நான் ஸ்கேல் ஒடிய அடிச்சப்ப அசையாதவன், ஜால்ரான்னு சொன்னதும் மூஞ்சி வெளுத்துப் போயிட்டான். எனக்கு உள்ளுக்குள்ள சட்டுனு ஒண்ணு தோணுச்சு. இவன்கிட்ட அதைப் பத்திப் பேச முடியாது. பல்லைப் பத்திப் பேசலாம். பல்லைப் பத்திப் பேசினா உக்காந்து கேப்பான்.

பல் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனேன். சின்னப் பொண்ணு ஒண்ணு, டாக்டர் தமயந்தின்னு பேரு. வாயை லைட் போட்டுப் பாத்துட்டு, "வாய் ரொம்பக் காஞ்சிருக்கே. பல்லு நுனியெல்லாம் தேஞ்சிருக்கு. வேற ஏதாவது மருந்து, பழக்கம்?"ன்னு கேட்டுச்சு. நான் முந்திக்கிட்டேன். "ஒண்ணும் கிடையாது டாக்டர். டீ கூடத் தொட மாட்டான். இது பரம்பரை. எங்கப்பாவுக்கும் இதே மாதிரிதான்." எங்கப்பா சாகற வரைக்கும் கரும்பு கடிச்சார், அது வேற விஷயம். ஒரு வயசுப் பொண்ணு முன்னாடி தம்பி மானத்தை விட்டுக் குடுக்க முடியுமா?

அந்தப் பொண்ணு என்னைப் பாக்கவே இல்ல. அவனைப் பாத்துதான் பேசுச்சு. "மரத்துப் போற ஊசி போடணும். அதுக்கு முன்னாடி ஒண்ணு தெரியணும். நான் போலீஸ் இல்ல. உடம்புல அந்த மாதிரி எதாவது ஓடிக்கிட்டிருக்கும்போது இந்த ஊசி போட்டா நெஞ்சு அடிச்சுக்கறது தாறுமாறா ஏறிடும். உயிருக்கே ஆபத்து. எடுத்திருந்தா சொல்லிடுங்க, இன்னொரு நாள் பிடுங்கிக்கலாம். வேற ஒண்ணும் இல்ல."

நான் மறுபடியும் வாயைத் தொறந்தேன். அதுக்குள்ள அல்போன்சு ஸ்கூல்ல கை தூக்கற மாதிரி கையைத் தூக்கிட்டான். "நேத்து சாயங்காலம் எடுத்தேன் டாக்டர். ஐஸ்."

"தலைவலி மாத்திரையைச் சொல்றான் டாக்டர்"ன்னேன்.

"மாத்திரை இல்லக்கா"ன்னான்.

அந்தப் பொண்ணு ஊசியைத் தட்டுலயே வச்சுடுச்சு. "ரொம்ப நல்ல வேலை பண்ணீங்க"ன்னு அவன்கிட்ட சொல்லுச்சு. முழுசா ஒரு நாளாவது தாண்டணும், எடுக்காம வாங்கன்னு சொல்லுச்சு. எனக்குத் தாங்கல. "டாக்டர், நீங்க படிச்சவங்க. இவனை நல்லா நாலு வார்த்தை திட்டுங்க"ன்னேன்.

"நீங்க திட்டலையா?"

"ஸ்கேலே ஒடிஞ்சு போச்சு டாக்டர்."

"அப்ப நான் திட்டி என்ன ஆகப் போகுது? விடறதுக்கு உதவி பண்ண ஆள் இருக்காங்க, அந்த இடத்தைச் சொல்றேன். அவருக்கு எப்பத் தோணுதோ அப்பப் போகட்டும். அது வரைக்கும் பல்லு வாய்ல இருக்கணும் இல்லையா?"

அதோட விட்டிருந்தா பரவாயில்ல. என் பக்கம் திரும்பி, "அக்கா, நீங்களும் கொஞ்சம் வாயைத் திறங்க"ன்னுச்சு. எதுக்குங்கறேன்? எனக்கு ஒரு பழக்கமும் கிடையாது. வெத்தலை போடுவேன், ஒரு கிள்ளு பொயிலை வச்சுப்பேன். உக்காந்தே வேலை செய்யறவளுக்கு முழிப்பு வேணாமா? அது பழக்கமா? கன்னத்துக்குள்ள வெள்ளையா ஒரு திட்டு இருக்காம், அடிக்கடி வந்து காட்டணுமாம், பொயிலையை விடணுமாம். ஆஸ்பத்திரி வாசல் தாண்டலை, அல்போன்சு ஆரம்பிச்சுட்டான். "நீ அதை விடு, நான் இதை விடறேன்." பொயிலையும் அதுவும் ஒண்ணா பெரியம்மா? சொல்லுங்க. ஆனா நான் குறைச்சுட்டேன். காலையில, மத்தியானம், சாயங்காலம், நடுவுல அப்பப்ப. அவ்ளோதான்.

கடைவாய்ப்பல்லைப் பிடுங்கினாங்க. முன்பல்லுக்கு வேர் சிகிச்சை பண்ணிக் கேப்பு போட்டாங்க. தூங்கும்போது கடிக்காம இருக்க, பல்லு அளவுக்கு பிளாஸ்டிக்ல ஒரு உறை செஞ்சு குடுத்தாங்க. மொதல் வாரமே நான் அதை நல்லாச் சுத்தம் பண்றேன்னு கொதிக்கற தண்ணியில போட்டேன். உருகி வேர்க்கடலைத் தோல் மாதிரி சுருண்டுடுச்சு. டாக்டர் மறுபடி செஞ்சு குடுக்கும்போது, "பச்சைத் தண்ணி. வெறும் பச்சைத் தண்ணி"ன்னு எங்கிட்ட ரெண்டு தடவை சொல்லுச்சு. எனக்குக் காது கேக்காதா?

பல்லை நான் கையில எடுத்துக்கிட்டேன். இனிமே கலர் கிடையாதுடா, வாய் காஞ்சா தண்ணிதான். டாக்டர் சொன்ன சக்கரை இல்லாத பபுள்கம்மை மென்னா எச்சில் ஊறும், மெல்லு. வாந்தி எடுத்தா அந்தச் சூட்டோட பிரஷ் போடாதே, பல்லு அப்ப இளகியிருக்கும், தண்ணி விட்டுக் கொப்புளிச்சுட்டுக் கொஞ்ச நேரம் கழிச்சுத் தேய். அப்பறம் ஒரு கூத்து கேளுங்க. பேஸ்ட்டைத் துப்பிட்டு அப்படியே விட்டுடணுமாம், தண்ணி விட்டு அலசக் கூடாதாம். அப்பதான் அந்த மருந்து பல்லுல நிக்குமாம். எனக்கு இன்னும் அது அசிங்கமாத்தான் இருக்கு. ஆனா அவன் அலசறானான்னு குளியலறை வாசல்ல நின்னு காது வச்சுக் கேப்பேன்.

'அது' உள்ள போனா அவனுக்கு நேரம் போறதே தெரியாது, பல்லு தேய்க்கணும்னா தோணும்? அதனால ஊர்வலத்துல இருக்கும்போதே போன் போடுவேன். "தேச்சியாடா?" எடுத்தாலும் எடுக்காட்டியும் போடுவேன். பேண்டு பசங்கல்லாம் என்னை 'தேச்சியா அக்கா'ன்னே கூப்பிட ஆரம்பிச்சுட்டானுங்க. கூப்பிட்டுட்டுப் போகட்டும். அவன் யூனிபார்ம்ல உள்பக்கமா ரெண்டு பாக்கெட் தச்சேன், ஒண்ணுல தண்ணி பாட்டில், ஒண்ணுல பிரஷ்ஷு. கொஞ்ச நாள்ல பெரிய டிரம் அடிக்கிறவன் வந்தான், "எனக்கும் அந்தப் பாக்கெட் வச்சுக் குடுக்கா"ன்னு. அப்பறம் கிளாரினெட்காரன். அப்பறம் இன்னும் ரெண்டு பேர். பாவம், பசங்களுக்குப் பல்லு மேல அவ்ளோ அக்கறை வந்துடுச்சு. எல்லாருக்கும் வச்சுக் குடுத்தேன். யூனிபார்ம்னா ஒரே மாதிரி இருந்தாத்தானே பாக்க லட்சணம்?

விட்டானான்னு கேக்கறீங்க. இல்ல, அப்ப விடல. குறைச்சான். டாக்டர்கிட்ட போற நாளுக்கு முன்னாடி எடுக்க மாட்டான். போற நாள் அடிக்கடி வர்ற மாதிரி நான் பாத்துக்குவேன். "ஈறு லேசா சிவந்திருக்குடா, வா காட்டிடலாம்"பேன். அந்தப் பொண்ணு கூட ஒரு தடவை, "அக்கா, ஈறு நல்லாத்தானே இருக்கு?"ன்னு சிரிச்சுச்சு. நான் 'அதை'ப் பத்தி ஒரு வார்த்தை பேசல பெரியம்மா. நான் பாத்தது பல்லை மட்டும்தான்.

அப்படியே போயிட்டிருந்துச்சு. ஐப்பசி மழையில ஒரு நாள் காணாமப் போயிட்டான். ஊத வேண்டிய இடத்துக்குப் போகல. போன் அணைச்சிருக்கு. அவன் ஆளுங்க வீடு, ரயில்வே லைன், பாலத்தடி, ஒண்ணு விடாம மழையில தேடினேன். மாஸ்டரும் குடையோட கூடவே வந்தார். கடைசியா ஆஸ்பத்திரியில, கேக்கக் கூடாத இடத்துலயும் போய்க் கேட்டோம். அங்க ஒரு ஆள் கதவைத் தொறந்து உள்ள பாத்துட்டு வந்து, அந்த மாதிரி யாரும் இல்லம்மான்னான். அந்த ஆளை நான் மறக்கவே மாட்டேன்.

வீட்டுக்கு வந்தேன். காலைக் கழுவலாம்னு உள்ள போனேன். அங்க கண்ணாடிக்குக் கீழ டம்ளர்ல எப்பவும் ரெண்டு பிரஷ்ஷு இருக்கும். என்னோடது மட்டும்தான் இருந்துச்சு. அந்தப் பிளாஸ்டிக் உறை போடற டப்பாவையும் காணோம். நான் ஈரப் புடவையோட அப்படியே தரையில உக்காந்துட்டேன். சாகப் போறவன் பிரஷ் எடுத்துக்கிட்டுப் போவானா பெரியம்மா? வர்றதுக்குத்தானே எடுத்துக்கிட்டுப் போவான்? அதைப் பாத்த அப்பறம்தான் எனக்குச் சோறு இறங்குச்சு.

அந்த வாரக் கடைசியில வந்தான். தலையெல்லாம் சடை, சட்டை எல்லாம் சேறு. வாசல்ல நின்னுக்கிட்டு, "திட்டுக்கா"ன்னான். "வாயைத் தொற"ன்னேன். தொறந்தான். கேப்பு இருந்துச்சு, பல்லெல்லாம் இருந்துச்சு. "சரி, சாப்பிட வா"ன்னேன். சாப்பிட்டுக்கிட்டிருக்கும்போது அவனே கேட்டான். "டாக்டர் ஒரு இடம் சொன்னாங்களே, விடறதுக்கு. நீ கூட வர்றியா?" நான் ரசத்தை ஊத்திக்கிட்டிருந்தேன். தட்டுக்கு வெளிய ஊத்திட்டேன். "ரசம் தண்ணியா இருக்குடா"ன்னு என்னமோ சொன்னேன். வேற என்ன சொல்றது?

அங்க சேத்தோம். மொதல்ல கொஞ்ச நாள் எப்பப் பாத்தாலும் தூக்கம், முழிச்சா சோறு, சோறு முடிஞ்சா அழுகை. என்னைப் பாத்தா, "ஏன் வந்தே?"ம்பான். கிளம்பினா, "ஏன் போறே?"ம்பான். அப்பறம் கொஞ்சம் கொஞ்சமா ஆளானான். வெளிய வந்தான். உதடு பழக ரொம்ப நாள் ஆச்சு. பங்குனியில மாஸ்டர் மறுபடியும் முன்வரிசையில நிறுத்தினார். இப்பவும் அங்க போய் உக்காந்து பேசிட்டு வர்றான், விடாம.

ஒண்ணு பாக்கி இருக்கு. இதை நான் சொல்லாம விட்டா உங்களுக்குத் தெரியவே போறதில்ல. போன ஆடி மாசம் ஒரு தடவை எடுத்துட்டான். மறுநாள் காலையில அவனே வந்து மெஷின் பக்கத்துல நின்னுக்கிட்டு, "அக்கா, நேத்து எடுத்துட்டேன்"ன்னான். ஆயிரம் வார்த்தை தொண்டை வரைக்கும் வந்துச்சு. வெளிய வந்தது ஒண்ணுதான். "பல்லு தேச்சியா?" அவன் சிரிச்சுட்டான். அப்பறம் அவனே கிளம்பி அந்த இடத்துக்குப் போயிட்டு வந்தான். அதுக்கப்பறம் இல்ல. நாளைக்கு எப்படின்னு நான் ஜாமீன் கையெழுத்துப் போட முடியாது பெரியம்மா. அவனே போட மாட்டான். ஆனா எடுத்தா சொல்லுவான். அதுக்கு நான் கையெழுத்துப் போடறேன்.

அவ்ளோதான். இப்ப நீங்க போய் உங்க வீட்ல என்ன சொல்லுவீங்களோ சொல்லுங்க. வேணாம்னாலும் எங்களுக்குக் கோவம் இல்ல.

என்னது? தெரியுமா? எது தெரியும்? யாருக்கு, பெர்னதெத்துக்கா? எப்ப சொன்னான்? அவளோட கொரியர் ஆபீஸ் வாசல்ல மொத மொத டீ குடிக்கும்போதே சொல்லிட்டானா? பக்கெட் தண்ணி வரைக்குமா? கறிவேப்பிலைச் செடியுமா!

அடப்பாவி. அப்ப நான் இவ்ளோ நேரம் தொண்டை வத்தச் சொன்னது? நீங்களாவது முன்னாடியே சொல்லியிருக்கலாமில்ல? நான் பேச விடலையா? அதுவும் சரிதான்.

அப்ப நீங்க எதுக்குத்தான் வந்தீங்க?

கேளுங்க. அவ ஒண்ணே ஒண்ணு கேட்டுட்டு வரச் சொன்னாளா? என்கிட்டயா?

கல்யாணத்துக்கு அப்பறம் நான் எங்க இருப்பேன்னா?

நான்… இருங்க, இந்த நூல் சிக்கிடுச்சு. அது வந்து பெரியம்மா, பின் தெருவுல ஒரு ரூம் பாத்து வச்சிருக்கேன். மெஷின் போட்டா ஒரு பாய் விரிக்க இடம் இருக்கும். ஒரு ஆளுக்கு என்ன வேணும்? புதுசாக் கல்யாணம் ஆனவங்களுக்கு நடுவுல நாத்தனார் எதுக்கு, அதுவும் என் வாயோட? அல்போன்சுக்குத் தெரியாது. சொல்லிடாதீங்க. மறைக்கணும்னு இல்ல, சமயம் பாத்துச் சொல்லிக்கலாம்னுதான்.

என்ன சொல்லி அனுப்பினா? அக்கா வேற வீடு போறதா இருந்தா இந்தக் கல்யாணமே வேணாம்னா?

அவளுக்கு என்ன பைத்தியமா? இந்தக் காலத்துல எந்தப் பொண்ணு நாத்தனாரைக் கூட வச்சுக்கணும்னு ஆள் அனுப்பி விசாரிக்கும்? சரியா விசாரிக்கவே இல்ல நீங்க. நான் எப்படிப்பட்டவள்னு தெருவுல யாரையாவது கேளுங்க. எலிசபெத்தையே கேளுங்க. வாயாடி, எதுலயும் மூக்கை நுழைப்பா, குளியலறை வாசல்ல காது வச்சுக் கேப்பான்னு எல்லாம் சொல்லுவா. சொல்லட்டும். அதையும் போய் அந்தப் பொண்ணுகிட்ட சொல்லுங்க.

அழல பெரியம்மா, ஜரிகைத் தூசி. கண்ணுல விழுந்தா இப்படித்தான்.

உக்காருங்க, எழுந்திருக்காதீங்க. அவன் வர்ற நேரம்தான். ஒரு தட்டு சோறு சாப்பிட்டுட்டுப் போலாம். அதுக்குள்ள அவளுக்கு ஒரு போன் போட்டு எனக்காக ஒண்ணே ஒண்ணு கேட்டுச் சொல்லுங்க.

மெஷின் ஓடற வீட்ல அவளுக்குத் தூக்கம் வருமா?